மழை ஜாக்கெட்டைத் துவைக்கத்தான் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். “மழை ஜாக்கெட்டைத் துவைக்காதீர்கள், துவைத்தால் தண்ணீர் தாங்காது” என்ற வரி வீட்டுக் குறிப்புப் பகுதிகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அதை நம்பி, அழுக்கேறிய ஜாக்கெட்டை ஆண்டுக்கணக்கில் அப்படியே அணிந்து, கடைசியில் “ஒழுகுகிறது” என்று தூக்கிப் போடுகிறவர்கள் நிறையப் பேர். அப்படிக் குப்பைக்குப் போகிறவற்றில் பலவற்றுக்கு ஒரு முறையான சலவையும் இருபது நிமிடச் சூடும் கிடைத்திருந்தால் இன்னும் சில ஆண்டுகள் உழைத்திருக்கும். அந்தக் குறிப்பைத் திருத்த வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம். சற்று நீளம்தான், இதில் அரைகுறையாகச் சொன்னால் கெடுதல் அதிகம் என்பதால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நான் சொல்வது மலையேற்றம், சைக்கிள் பயணம், வெளிவேலை போன்றவற்றுக்கு அணியும் ஜாக்கெட்டை; வெளியே நைலான் அல்லது பாலியஸ்டர் துணி, உள்ளே நீர்புகா மென்படலம் கொண்டதை. பி.வி.சி. பிளாஸ்டிக் ரெயின்கோட் வேறு வகை. அதை ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவிட்டால் போதும். சூடான காற்றில் துணி உலர்த்தும் ட்ரையரோ இஸ்திரிப் பெட்டியோ பட்டால் பாழாகிவிடும். மெழுகேற்றிய பருத்திக் கோட்டும் வேறு. குளிர்ந்த நீரில் நனைத்த ஸ்பாஞ்சால் துடைப்பதோடு நிறுத்த வேண்டும். சோப்பு பட்டால் மெழுகு கழன்றுவிடும். இறகு நிரப்பிய குளிர்கால ஜாக்கெட்டின் சலவை தனிக் கதை, அதை இங்கே தொடவில்லை.

இந்த ஜாக்கெட்டுகள் மழையை இரண்டு இடத்தில் தடுக்கின்றன. உள்ளே இருக்கும் மென்படலம்தான் உண்மையான காவல். 1969-இல் அமெரிக்கப் பொறியாளர் பாப் கோர், டெஃப்லான் என்று நாம் அறிந்த பி.டி.எஃப்.இ. பிளாஸ்டிக்கைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தபோது அது கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்ததாக விரிந்தது. கோர்-டெக்ஸ் படலம் அதிலிருந்து வந்தது. பாலியூரித்தேன் படலம் கொண்ட ஜாக்கெட்டுகளும் ஏராளம். எதுவானாலும் வேலை ஒன்றுதான்: மழைத்துளியை உள்ளே விடாது, வியர்வை ஆவியை வெளியே விடும். இரண்டாவது, மேல்துணியின் இழைகளில் ஏற்றியிருக்கும் நீர்விலக்கிப் பூச்சு. புது ஜாக்கெட்டில் தண்ணீர் தாமரை இலையில் போல உருண்டு ஓடுகிறதே, அது இந்தப் பூச்சின் வேலை. பலரும் இதையே நீர்புகாத் தன்மை என்று நினைத்துவிடுகிறார்கள். பூச்சு போனாலும் படலம் மழையைத் தடுத்துக்கொண்டுதான் இருக்கும்.

பிறகு ஏன் உள்ளே நனைகிறது? மேல்துணி தண்ணீரைக் குடித்து ஊறிப்போனால், ஜாக்கெட்டைச் சுற்றி ஈரப் போர்வை ஒன்று போர்த்தியது போல் ஆகிவிடும். வியர்வை ஆவி அதைத் தாண்டிப் போக முடியாது. ஊறிய துணி குளிர்ந்தும் போவதால், உள்ளே சிக்கிய ஆவி படலத்தின் உட்புறத்தில் துளித்துளியாகப் படிகிறது. கை விட்டுப் பார்த்தால் சில்லென்று ஈரம். “மழை உள்ளே வந்துவிட்டது” என்றுதான் யாருக்கும் தோன்றும். பல நேரம் அது உடுத்தியவரின் வியர்வை.

பூச்சு வேலைநிறுத்தம் செய்வதற்கு முதற்காரணம் அழுக்கு. தோலின் எண்ணெய், சன்ஸ்கிரீன், புகை, சேறு ஆகியவை இழைகளின் மேல் படிந்து தண்ணீருக்குப் பிடிமானம் கொடுத்துவிடுகின்றன. அடுத்தது சோப்பு மிச்சம். அழுக்கைத் தண்ணீரோடு சேர்த்து இழுப்பதே டிடர்ஜென்ட்டின் குணம்; அது துணியில் தங்கிவிட்டால் மழை நீரையும் அப்படியே உள்ளிழுக்கும். “துவைத்தேன், கெட்டுவிட்டது” என்பவர்கள் பொய் சொல்லவில்லை. சலவைத் தூளையும் ஃபேப்ரிக் கண்டிஷனரையும் போட்டுத் துவைத்து, ஒரே முறை அலசிக் காயவைத்தால் அப்படித்தான் ஆகும். குறை சலவையில் இல்லை, சலவைச் சரக்கில்.

துவைக்கும் முன் ஜாக்கெட்டின் நிலையைப் பார்த்துக்கொள்வது நல்லது. தோள், முன்கை, மார்பு என மூன்று இடங்களில் ஒரு ஸ்பூன் தண்ணீரை விட்டு ஒரு நிமிடம் கழித்துக் கவனியுங்கள். உருண்டையாக நின்றால் பூச்சு உயிரோடிருக்கிறது. பரவி, துணி கறுத்துப் போனால் ஊறுகிறது என்று பொருள். பைப்பட்டை உரசுகிற தோளில் கறுத்து, மார்பில் உருண்டு நிற்பதுதான் வழக்கமாகக் காண்பது. படலத்தைச் சோதிக்க வேறு வழி: சந்தேகமான இடத்தை ஒரு கிண்ணத்தின் மேல் வெளிப்புறம் மேலே இருக்கும்படி குழிவாக விரித்து, அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, அடியில் ஒரு டிஷ்யூ தாளை ஒட்டினாற்போல் வைத்துப் பத்து நிமிடம் பொறுங்கள். தாள் உலர்ந்தே இருந்தால் அந்த இடத்தில் படலம் நன்றாக இருக்கிறது. இனி பேசப்போவது உங்கள் ஜாக்கெட்டுக்குப் பலிக்கும். தாள் நனைந்தால் சலவையால் மீளாது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சலவைக்கு முன் பைகளைக் காலி செய்யுங்கள். காய்ந்த சேற்றை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். எல்லா ஜிப்பையும், அக்குளில் இருக்கும் காற்று ஜிப்பையும் சேர்த்து, இழுத்து மூடுங்கள். திறந்த ஜிப்பின் பல் பக்கத்துத் துணியை அரம் போல உரசும். வெல்க்ரோவை ஒட்டிவிடுங்கள். இடுப்பிலும் தலைமறைப்பிலும் இருக்கும் எலாஸ்டிக் கயிறுகளைத் தளர்த்துங்கள். சுருங்கிய மடிப்புக்குள் சோப்பு தங்கும். காலரின் உட்புறமும் மணிக்கட்டு மடிப்பும்தான் எண்ணெய்ப் பிசுக்கு அதிகம் ஏறும் இடங்கள். அங்கே மட்டும் சலவைத் திரவத்தைத் துளி விட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, பத்து நிமிடம் ஊறவிடுங்கள். அழுத்தித் தேய்க்கக் கூடாது. தையல் துளைகள் வழியே தண்ணீர் புகாதபடி உட்புறம் ஒட்டியிருக்கும் தையல் டேப்பின் விளிம்பு காலரில்தான் முதலில் எழும்பும்.

இதற்கென்றே தயாரித்த சலவைத் திரவங்கள் விற்கின்றன. பாட்டிலில் சொன்ன அளவை மீறாமல் அதைப் பயன்படுத்துவது சிறந்தது. கிடைக்காவிட்டால் வாசனையும் கண்டிஷனரும் சேராத சாதாரணத் திரவ டிடர்ஜென்ட், ஒரு ஜாக்கெட்டுக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி. அதற்கு மேல் வேண்டாம். தூள் வேண்டாம், கரையாத துகள்கள் தையலில் போய் உட்காரும். ப்ளீச் வேண்டாம். கண்டிஷனர் அறவே வேண்டாம். அது துணி இழைகளின் மேல் வழுவழுப்பான மேலாடை போலப் படிந்து தங்குவதற்காகவே செய்யப்பட்டது. தவறுதலாகப் பட்டுவிட்டால், எதுவும் சேர்க்காமல் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு முறை ஓட்டி, பிறகு முறையாகத் துவைக்க வேண்டும்.

இங்கே பலரும் கோட்டைவிடுவது மெஷினின் சோப்புத் தட்டை. தட்டை வெளியே இழுத்துப் பாருங்கள். மூலையில் வெள்ளையாக இறுகிய தூளும், கண்டிஷனர் அறையில் கோழை போன்ற படிவும் இருக்கும். விலை கொடுத்து வாங்கிய தனித் திரவத்தை அதன் மேல் ஊற்றினால் என்ன பயன்? தட்டைச் சுடுநீரில் கழுவி, வெறும் தண்ணீரில் மெஷினை ஒரு குறுகிய சுற்று ஓட்டிவிட்டு, அப்புறம் ஜாக்கெட்டைப் போடுங்கள்.

வெப்பநிலை லேபிளில் உள்ளபடி, பெரும்பாலும் 30 அல்லது 40 டிகிரி. மென்துணிச் சுற்றில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு ஜாக்கெட் மட்டும் போடுங்கள். ஜீன்ஸ், துண்டு ஆகியவற்றோடு சேர்க்காதீர்கள். உரசலும் பஞ்சும் பூச்சுக்கு ஆகாது. அலசலை இரண்டு முறையாக வையுங்கள். கடைசி அலசல் தண்ணீரைப் பிடிக்க முடிந்தால் ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி நிரப்பிக் குலுக்குங்கள். நுரை நின்றால் இன்னொரு முறை அலச வேண்டும்.

ஸ்பின் விஷயத்தில் கவனம் மிக அவசியம். நீர்புகாத் துணி சுருண்டு தனக்குள் தண்ணீரைப் பை போலப் பிடித்துக்கொள்ளும். டிரம் வேகமெடுக்கும்போது அந்த எடை ஒரு பக்கமாகச் சாய்ந்து மெஷினே துள்ளும். நீர்புகா உடுப்புகளை வேகமாகச் சுழற்றக் கூடாது என்று பல மெஷின்களின் கையேடுகளே எச்சரிப்பது இதனால்தான். உங்கள் மெஷினின் கையேட்டை முதலில் பாருங்கள். தடை இல்லாவிட்டாலும் நிமிடத்துக்கு 400 முதல் 600 சுற்றுக்கு மேல் போக வேண்டாம். ஸ்பின்னுக்கு முன் நிறுத்தி, தேங்கிய தண்ணீரைக் கையால் வழித்துவிடுவது இன்னும் பாதுகாப்பு. நடுவில் தூண் உள்ள மேல்மூடி மெஷின் ஜாக்கெட்டை முறுக்கும். அது மட்டுமே இருந்தால் கையால் துவையுங்கள் என்பேன்.

கைச் சலவை ஒன்றும் கஷ்டமில்லை. அகலமான தொட்டியில் பத்து லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் திரவத்தைக் கலந்து, ஜாக்கெட்டை முழுக்கி, பதினைந்து நிமிடம் அமுக்கி அமுக்கி எடுங்கள். அடித்துத் துவைப்பதும் முறுக்கிப் பிழிவதும் கூடாது. முறுக்கினால் படலம் மடிப்புகளில் துணியிலிருந்து பிரியத் தொடங்கும். நுரை அடங்கும்வரை, பெரும்பாலும் நான்கு முறை, தண்ணீர் மாற்றி அலசி, அகலத் தோள் கொண்ட ஹேங்கரில் மாட்டி நிழலில் வடியவிடுங்கள்.

அடுத்தது சூடு. இதைப் பெரும்பாலோர் செய்வதே இல்லை. பூச்சில் உள்ள நுண்ணிய மூலக்கூறுச் சங்கிலிகள் புதிதில் தூரிகை மயிர் போல நிமிர்ந்து நின்று துளியை மேலேயே தாங்கும். உரசலிலும் சலவையிலும் அவை படுத்துவிடுகின்றன. சூடு பட்டால் மறுபடி எழும்புகின்றன. லேபிளில் சதுரத்துக்குள் வட்டம் இருந்தால் ட்ரையர் போடலாம். உள்ளே ஒரு புள்ளி என்றால் குறைந்த சூடு, இரண்டு என்றால் சாதாரணச் சூடு. ஜாக்கெட் காய்ந்த பிறகு மேலும் இருபது நிமிடம் ஓட்டுங்கள். ஈரம் உலர்வதோடு நிறுத்தினால் பயன் குறைவு.

ட்ரையர் இல்லாதவர்களுக்கு இஸ்திரிப் பெட்டி இருக்கிறது. லேபிள் அனுமதித்தால் மட்டும். பெட்டியில் ஒரு புள்ளி அளவு, அதாவது 110 டிகிரிக்குள், நீராவி இல்லாமல். காய்ந்த ஜாக்கெட்டை வெளிப்புறம் மேலாக விரித்து, மேலே மெல்லிய பருத்தித் துணி போட்டு, ஓரிடத்தில் நிறுத்தாமல் மெதுவாக ஓட்டுங்கள். ஒட்டுச் சின்னம், ஒளிரும் பட்டை, ஜிப் ஆகியவற்றின் மேல் போகாதீர்கள். உட்புறத்தில் வேண்டவே வேண்டாம். தையல் டேப்பை ஒட்டியிருக்கும் பசை சூட்டில் இளகி வழுக்கிவிடும். முடி உலர்த்தும் ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பகுதி பகுதியாகக் காட்டுவதும் ஓரளவு பலன் தரும், கைதான் வலிக்கும்.

சூடு முடிந்து ஆறியதும் அதே ஸ்பூன் சோதனையை அதே மூன்று இடங்களில் செய்யுங்கள். தண்ணீர் மறுபடி உருண்டு நின்றால் வேலை முடிந்தது. நீர்விலக்கி வாங்க வேண்டிய அவசியமே இல்லை. சலவையும் சூடும் கொடுத்த பிறகும் ஊறினால்தான் புதுப்பூச்சு. அழுக்கின் மேல் பூச்சு அடிப்பது வீண். ஒட்டவும் ஒட்டாது, அடியில் சிக்கிய அழுக்கும் போகாது.

புதுப்பூச்சில் இரண்டு வகை. தண்ணீரில் கலந்து முக்கி எடுப்பது ஒன்று, மேலே தெளிப்பது மற்றொன்று. முக்குவது சீராகப் படியும். தையல், மடிப்பு எதுவும் விடுபடாது. ஆனால் உட்புறத்திலும் ஏறிவிடும். உள்ளே வியர்வையை உறிஞ்சும் தனி லைனிங் தைத்திருந்தால் அதன் உறிஞ்சும் குணம் குறையும். அப்படிப்பட்ட ஜாக்கெட்டுக்குத் தெளிப்புதான் பொருத்தம். படலத்தோடு உட்துணி ஒட்டியே வரும் மூன்றடுக்கு ஜாக்கெட்டுக்கு இரண்டும் ஆகும். என்னைக் கேட்டால் அதற்கும் தெளிப்பையே சொல்வேன். தேய்ந்த தோளுக்கும் முன்கைக்கும் கூடுதலாகக் கொடுக்கலாம், சரக்கும் மிச்சம்.

தண்ணீர் அடிப்படையிலான தெளிப்பைத் துவைத்த ஈரத்தோடே அடிக்க வேண்டும். காய்ந்த துணியில் திட்டுத் திட்டாக நிற்கும். ஜிப்பை மூடி, ஹேங்கரில் மாட்டி, ஒரு சாண் தூரத்திலிருந்து தோள், தலைமறைப்பு, கை, மார்பு என்று மேலிருந்து கீழே வாருங்கள். கைகளைத் தூக்கி அக்குளையும் மறக்காதீர்கள். இரண்டு நிமிடம் விட்டு, வழிந்து நிற்பதை ஈரத்துணியால் துடையுங்கள். துடைக்காவிட்டால் கருநிறத் துணியில் வெள்ளைக் கோடாகக் காயும். சில திரவங்களுக்குச் சூடு கட்டாயம், சிலவற்றுக்குக் காற்றில் காய்ந்தாலே போதும். பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே முடிவு.

தெளிப்பைக் கட்டாயம் வெளியில்தான் அடிக்க வேண்டும். மூடிய அறையில் நீர்விலக்கி ஏரோசலைச் சுவாசித்து நுரையீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. மருத்துவ இதழ்களில் பதிவான விஷயம் இது. கையால் அழுத்தும் பம்ப் பாட்டில் ஏரோசலை விட மேல். குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் பக்கத்தில் இருக்கக் கூடாது. தரையில் பழைய செய்தித்தாளை விரியுங்கள். ஓடு பதித்த தரையில் சிந்தினால் வழுக்கும்.

பழைய துவைக்காதே அறிவுரை இன்று முன்னைவிட அதிகமாகத் தவறாகிப்போனதற்கு இன்னொரு காரணம் உண்டு. முன்பெல்லாம் இந்தப் பூச்சுகள் ஃபுளோரின் சேர்ந்த பி.எஃப்.ஏ.எஸ். வேதிப்பொருள்களால் ஆனவை. அவை தண்ணீரோடு எண்ணெயையும் விலக்கின. ஆனால் இயற்கையில் சிதையாமல் நீரிலும் உடலிலும் சேர்கின்றன. அவற்றில் ஒன்றான பி.எஃப்.ஓ.ஏ. 2019-இல், எளிதில் சிதையாத நச்சுப் பொருள்களை ஒழிப்பதற்கான ஸ்டாக்ஹோம் சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தது. கலிஃபோர்னியாவில் 2025 தொடக்கத்திலிருந்து துணிகளில் பி.எஃப்.ஏ.எஸ். தடை நடப்பில் உள்ளது. கடும் மழைக்கான உடுப்புகளுக்கு மட்டும் 2028 வரை அவகாசம். புது ஜாக்கெட்டுகளில் பெரும்பகுதி ஃபுளோரின் இல்லாத பூச்சுக்கு மாறிவருகிறது. இது நல்ல மாற்றம். ஆனால் இந்தப் பூச்சு தண்ணீரை விலக்குமே தவிர எண்ணெயை விலக்காது. கழுத்துப் பிசுக்கும் சன்ஸ்கிரீனும் விரைவில் ஏறும். முன்பு ஆண்டுக்கு ஒருமுறை துவைத்தவர் இப்போது அடிக்கடி துவைக்க வேண்டும். நாள் முழுக்க அணிந்த நாட்களைக் கணக்கிட்டுப் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம். காலர் கறுத்தாலோ தோள் ஊறினாலோ அதற்கு முன்பே துவைத்துவிடுங்கள்.

இனி, சலவையால் மீளாதவை. உட்புறத்தில் தையல் டேப் நுனி எழும்பியிருந்தால் சரிசெய்யலாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் அந்த இடத்தைத் துடைத்து, உலரவிட்டு, யூரித்தேன் தையல் பசையை மெல்லிய பூச்சாகத் தடவி, டேப்பை அழுத்தி, ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள். சிலிக்கான் பூசிய துணிக்கு யூரித்தேன் ஒட்டாது, சிலிக்கான் பசைதான் வேண்டும். சிறு கிழிசலுக்கு ஒட்டுத்துண்டை எல்லாப் பக்கமும் ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி, மூலைகளை வட்டமாக்கி ஒட்டுங்கள். கூர்மூலை முதலில் எழும்பும். நீர்விலக்கி அடிப்பதாக இருந்தால் ஒட்டு வேலையை முடித்த பிறகே அடிக்க வேண்டும். பூச்சின் மேல் பசை பிடிக்காது.

மேல்துணியில் கொப்புளம் கொப்புளமாக உப்பியிருந்தால் படலம் பிரிந்துவிட்டது என்று பொருள். உட்புறம் விரலில் பிசுபிசுவென்று ஒட்டி, மக்கிய வாடையோடு, வெயிலில் உரிந்த தோல் போல வெள்ளைச் செதில்களாக உதிர்ந்தால் பாலியூரித்தேன் படலம் சிதைந்துவிட்டது. ஈரமும் வெப்பமும் சேர்ந்து அதை மெல்ல அறுத்துவிடும். இந்த இரண்டுக்கும் வீட்டில் மருந்து கிடையாது. மெழுகுவர்த்தி தேய்ப்பது, சிலிக்கான் பாலிஷ் அடிப்பது போன்ற யோசனைகளும் உலவுகின்றன. அவை வியர்வை வெளியேறும் வழியை அடைப்பதோடு, பிறகு எந்த ஒட்டும் பிடிக்காமல் செய்துவிடும்.

சிதைவைத் தள்ளிப்போடலாம். ஈரத்தோடு சுருட்டிப் பையில் திணிக்காமல், காயவைத்து, காற்றோட்டமான இருட்டு அலமாரியில் தளர்வாகத் தொங்கவிடுங்கள். கொடியில் நாள் கணக்கில் வெயில் படத் தொங்கவிட்டால் நைலான் இற்றுப்போகும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். மேலே சொன்ன சூட்டு அளவெல்லாம் லேபிளில் உள்ள சின்னச் சின்னக் குறிகளைப் படிக்கத் தெரிந்தால்தான் பயன்படும். தொட்டிக்குள் எண், சதுரத்துக்குள் வட்டம், இஸ்திரிப் பெட்டிக்குள் புள்ளி, குறுக்குக் கோடு போட்ட முக்கோணம் ஆகியவற்றின் பொருளைத் தமிழில் எழுதி, ஒருமுறை கால் பக்கம் ஒதுக்கிப் படத்தோடு வெளியிடுங்கள். வெட்டி எடுத்து வாஷிங் மெஷினுக்கு மேல் சுவரில் ஒட்டிக்கொள்ளும் அளவில் இருந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்